மாற்றார் வலிமையை மறைக்கும் வாதம்

ஒரு கருத்தை மறுக்க முற்படுவோர் முன் இரு வழிகள் உள்ளன. அக்கருத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டவற்றுள் மிக வலியதைத் தேர்ந்து அதனோடு பொருதல் ஒன்று. மிக நலிந்ததைத் தேர்ந்து, அதனை வீழ்த்திவிட்டு, கருத்து முழுவதும் வீழ்ந்ததென முரசறைதல் மற்றொன்று. முதல் வழி கடினமானது. அதில் கைத்தட்டல் உடனே கிடைப்பதில்லை. இரண்டாம் வழி எளிது; கைத்தட்டலும் கைமேல் கிட்டும். மலேசியத் தமிழ் மேடைகளிலும் ஏடுகளிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் இரண்டாம் வழியே பெருவழியாகி வருகின்றது. தமிழ்ப்பள்ளியின் எதிர்காலம் என்னும் உயிர்ப்பொருளிலும் அது புகுந்துவிட்டது. ஆதலால் அதனை வெளிப்படையாகக் கடிந்துரைத்தல் கடமையாகின்றது.

இக்குற்றத்தின் இயல்பை முதலில் தெளிதல் வேண்டும். எதிர்த்தரப்பார் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கூறுவது பொய். அதனைக் கண்டுபிடிப்பதும் கண்டிப்பதும் எளிது. ஆனால் எதிர்த்தரப்பாருள் எவரோ ஒருவர் உண்மையிலேயே சொன்ன அறிவிலிச் சொல்லை எடுத்துக்காட்டி, "இதுவே அவர்தம் கொள்கை" என்பவர் பொய் சொன்னவராகார். சான்று அவர் கையில் இருக்கின்றது. பெயரும் நாளும் இருக்கின்றன. இருந்தும் அவர் கேட்போரை ஏமாற்றுகின்றார். பத்துப் பேர் பேசிய அவையில் ஒன்பதின்மரை விட்டுவிட்டுத் தடுமாறிய ஒருவரை மட்டும் முன்னிறுத்துவது சான்றின் உருவில் வரும் வஞ்சனை. பொய்யினும் இது நெடுநாள் வாழும். ஏனெனில் இதனைப் பேசுவோரே இதனை உண்மையென நம்பிவிடுகின்றனர்.

பைராம் தோட்டத்துப் பெற்றோர்

பினாங்கு மாநிலம் என்றவுடன் தீவும் ஜார்ஜ் டவுனுமே பலர் நினைவுக்கு வரும். தமிழர் வரலாற்றின் பெரும்பகுதியோ கடலுக்கு இக்கரையில், செபராங் பிறையில் எழுதப்பட்டது. நிபோங் திபால் வட்டாரத்தில் கரும்பு பயிரிடப்பட்ட நாள் தொட்டு, பின்னர் ரப்பரும் அதன்பின் செம்பனையும் வந்த காலம் வரை, தமிழர் உழைப்பு அம்மண்ணில் ஊறியது. அவ்வட்டாரத்துப் பைராம் தோட்டமும் அத்தகைய மண்ணே. அங்குத் தமிழ்ப்பள்ளியும் உண்டு. பைராம் தோட்டத்திலோ அதனையொத்த வேறொரு தோட்டத்திலோ பிள்ளைக்கு ஏழு வயது நெருங்கும் ஆண்டில் தாயும் தந்தையும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கின்றது: தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா?

தேசியப் பள்ளியைத் தேர்ந்த பெற்றோரைப் பற்றி மேடைகளில் கூறப்படுவது யாது? "தமிழை இழிவென எண்ணுகின்றனர், அயன்மொழி மோகம் கொண்டனர், அண்டை வீட்டாரைப் பார்த்துப் படாடோபம் பேசுகின்றனர்." இவ்வாறு எண்ணுவோர் இல்லாமல் இல்லை. "தமிழ் படித்தால் சோறு போடுமா?" என்று கேட்கும் குரலும் ஆங்காங்கே ஒலிக்கவே செய்கின்றது. பேச்சாளர் அக்குரலைப் பற்றிக்கொள்கின்றார். சோற்றையும் மொழியையும் எதிரெதிரே நிறுத்தி, தாய்ப்பாலையும் புட்டிப்பாலையும் உவமை காட்டி, அவையை ஆர்ப்பரிக்கச் செய்து இறங்குகின்றார். "தமிழ் சோறு போடுமா?" என்ற வாதம் அன்று மாண்டுபோகின்றது. மறு ஆண்டு சனவரியிலோ, பள்ளித் தவணை தொடங்கும் வேறெந்த மாதத்திலோ, அவையில் கைதட்டியவருள் சிலரே தம் பிள்ளையைத் தேசியப் பள்ளியில் சேர்க்கின்றனர். பேச்சாளர் வியக்கின்றார், பிறகு சினக்கின்றார். அவர் வென்ற வாதம் அப்பெற்றோரின் வாதமே அன்று என்பது அவருக்குத் தெரியவில்லை.

அப்பெற்றோரின் உண்மையான வாதங்கள் வேறு. அவை மூன்று.

முதலாவது, இடைநிலைப்பள்ளி பற்றிய அச்சம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் எல்லாப் பாடங்களையும் தேசிய மொழியில் கற்க வேண்டும். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்க்கெனப் புகுமுக வகுப்பு வைக்கப்பட்டதே, அந்த இடைவெளி உண்மையானது என்பதற்குச் சான்று. தொடக்கப்பள்ளியில் தேசியப் பள்ளிக்கும் தேசிய வகைப் பள்ளிக்கும் மலாய்மொழிப் பாடத்திட்டம் ஒன்றாக இருந்ததில்லை. 2021இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்விலும் இருவகைப் பள்ளி மாணவர்க்கும் மலாய்மொழித் தாள்கள் வெவ்வேறாகவே இருந்துவந்தன. இதனை அறிந்த தந்தை தயங்குவது தமிழை வெறுத்தலாகுமா?

இரண்டாவது, சிறுபள்ளிகளின் நிலை. நாடு விடுதலை பெற்றபோது 800க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்குக் குறைந்த ஆட்களே தேவைப்பட்டனர், குடும்பங்கள் நகரங்களை நாடின. எஞ்சிய பள்ளிகளுள் பல, 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்டவை. மாணவர் தொகை மிகக் குறைந்துவிட்டால் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே வகுப்பில் அமர்த்தும் நிலையும் வருகின்றது. தன் பிள்ளையோடு போட்டியிடப் பத்துப் பிள்ளைகளாவது வேண்டும், விளையாட ஒரு குழுவாவது வேண்டும் என்று ஒரு தாய் விரும்புவது மோகமாகுமா?

மூன்றாவது, பல இனப் பிள்ளைகளோடு சிறுவயது முதற்கொண்டே பழகவேண்டும் என்ற விருப்பம். பன்னிரண்டு வயது வரை தன்னினத்தாரோடு மட்டும் பயின்ற பிள்ளை, பின்னர்ப் பணியிடத்தில் கூச்சமின்றிப் பழகுமா என்ற கவலை. இதுவும் இழிந்த கவலையன்று.

இம்மூன்றுக்கும் விடையுண்டு. நல்ல விடையே உண்டு. ஆனால் "தமிழ் சோறு போடுமா?" என்பதை வீழ்த்தியவர் இம்மூன்றையும் தொட்டதேயில்லை. தம் கவலையைப் பேச்சாளர் அறிந்திருக்கவில்லை, அறிந்துகொள்ள முயலவும் இல்லை, அதற்குமேல் தம்மை இனத்துரோகி என்றும் ஏசினார் என்பதே அப்பெற்றோர் கண்ட காட்சி. அவர் எவ்வாறு மனம் மாறுவார்?

வழக்குமன்றம் கற்பித்த பாடம்

மேடையில் நலிந்த எதிரியைத் தேர்ந்துகொள்ளலாம். வழக்குமன்றத்தில் அது இயலாது. அங்கு எதிர்வாதத்தை எதிர்வாதியே எடுத்துரைக்கின்றார். அதன் வலிமை முழுவதையும் திரட்டி உரைக்கின்றார். அண்மைக் காலத்தில் தமிழ்ப்பள்ளியின் உயிரையே தொட்ட வழக்கு இதற்குத் தக்க சான்று.

தமிழ்ப்பள்ளிகளும் சீனப்பள்ளிகளும் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என அறிவிக்கக் கோரி, மலாய் எழுத்தாளர் கூட்டமைப்பாகிய காப்பெனா உள்ளிட்ட சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. செய்தி வந்தவுடன் தமிழ் மேடைகள் கொதித்தன. "இனவெறியர் சிலரின் பொறாமை" என்பதே பொதுவான விடையாக இருந்தது. தெருவில் சிலர் பேசிய இழிசொற்களுக்கு அவ்விடை பொருந்தலாம். வழக்கின் வாதத்துக்கு அது சற்றும் பொருந்தாது.

வழக்கின் வாதம் பின்வருமாறு அமைந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் விதி மலாய்மொழியைத் தேசிய மொழியாக்குகின்றது. அலுவல்முறைப் பயன்பாடல்லாத ஏனையவற்றில் பிறமொழிகளைப் பயன்படுத்தவும், அவற்றைக் கற்கவும் கற்பிக்கவும் எவருக்கும் தடையில்லை என்றும் அதே விதி உறுதி கூறுகின்றது. ஒரு மொழியைக் கற்பித்தல் வேறு, அம்மொழியின் வாயிலாகப் பிற பாடங்களைக் கற்பித்தல் வேறு. முன்னதற்கே உறுதி உண்டு, பின்னதற்கு இல்லை. பள்ளி ஒரு பொது அதிகார அமைப்பாயின் அங்குப் பயிற்றுமொழி தேசிய மொழியாகவே இருத்தல் வேண்டும் என்பது வாதிகளின் கூற்று. இது வெறுங்கையோடு வந்த கூற்றன்று. மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் 1982ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குப் பின்புலமாக நின்றது. சீனமொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு அப்பல்கலைக்கழகத்தை நிறுவ இயலாது என்பதே அத்தீர்ப்பின் முடிவு.

இவ்வாதத்தைச் சந்தித்த வழக்கறிஞர்கள் "இது இனவெறி" என்று கூறி அமர்ந்திருந்தால் வழக்கு என்னவாகியிருக்கும்? அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பை வரிவரியாகப் பயின்றனர். பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது தொடக்கப்பள்ளிக்குப் பொருந்துமா என்று வினவினர். 2021 டிசம்பர் 29ஆம் நாள் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், தேசிய வகைப் பள்ளிகள் அவ்விதி குறிக்கும் பொது அதிகார அமைப்புகளல்ல, ஆதலால் அங்குத் தமிழும் சீனமும் பயிற்றுமொழியாக இருப்பது சட்டத்துக்கு முரணாகாது எனத் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தமிழ், சீனப்பள்ளிகள் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று உறுதிசெய்தது.

தமிழ்ப்பள்ளியைக் காத்தது எது? எதிர்வாதத்தின் வலிய பகுதியைத் தேடிச் சென்று, அதனை முழுமையாக அறிந்து, அதற்கு விடையிறுத்த உழைப்பே காத்தது. அவ்வழக்கைப் பற்றி ஆயிரம் மேடைகளில் எழுந்த முழக்கங்களுள் ஒன்றேனும் தீர்ப்பின் ஒரு வரிக்கு உதவியதாகக் கூற முடியுமா?

எதிரியின் கையில் தன் வாளே

நலிந்த வாதத்தை மட்டும் காண்போர் இழப்பது எதிரியைப் பற்றிய அறிவு மட்டுமன்று, நட்பையும் இழக்கின்றனர். இதற்கும் அண்மை வரலாற்றில் சான்றுண்டு.

2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் நாடு முழுவதும் எல்லா வகைப் பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியும் அதற்கு விலக்கன்று. திட்டத்தை எதிர்த்தோர் அனைவரும் மொழிவெறியர் என்று ஆதரித்தோரும், ஆதரித்தோர் அனைவரும் ஆங்கில அடிமைகள் என்று எதிர்த்தோரும் ஒருவரையொருவர் தூற்றினர். ஆதரித்தோர் தரப்பின் வலிய வாதம், அறிவியல் நாள்தோறும் ஆங்கிலத்தில் வளர்கின்றது, மொழிபெயர்ப்பு அதனோடு ஓடி எட்ட முடியவில்லை என்பது. எதிர்த்தோர் தரப்பின் வலிய வாதம், ஏழு வயதுப் பிள்ளை புதிய கருத்தையும் புதிய மொழியையும் ஒருசேரக் கற்கும்போது இரண்டையும் இழக்கின்றது, சிற்றூர்ப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையுமே அதில் முதலில் பின்தங்குவர் என்பது. இவ்விரு வாதங்களும் நேருக்கு நேர் நின்று பொருத இடம் தமிழ் ஏடுகளில் மிகக் குறைவாகவே கிடைத்தது.

2009 மார்ச்சு மாதம் இத்திட்டத்தை எதிர்த்துக் கோலாலம்பூரில் பெரும் பேரணி நடந்தது. முன்னணியில் நடந்தவர் யார்? மலாய் இலக்கியத்தின் தேசிய இலக்கியவாதியாகிய அ. சமாட் சைட் நடந்தார். மலாய் மொழிப்பற்றாளர் திரண்டனர். பிள்ளை தன் தாய்மொழியிலேயே அறிவியல் கற்க வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. அது தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் வாதமன்றோ? அதே ஆண்டு சூலையில் அத்திட்டம் கைவிடப்படும் என அரசு அறிவித்தது. பயிற்றுமொழி படிப்படியாகத் திரும்பியது.

மலாய் மொழிப்பற்றை அதன் மிகக் கடுமையான குரல்களால் மட்டுமே அறிந்து வைத்திருந்தவர்க்கு, அப்பற்றின் அடித்தளமும் தமிழ்ப்பற்றின் அடித்தளமும் ஒன்றே என்பது தெரியாமற் போயிற்று. தாய்மொழியில் கற்கும் உரிமையைத் தமக்குக் கோரும் ஒருவரிடம், "தங்கள் வாதம் முற்றிலும் சரி, அதனையே தமிழ்ப் பிள்ளைக்கும் நீட்டுங்கள்" என்று கூறும் வாய்ப்பு எத்துணை அரியது! எதிரியின் வலிய வாதத்தை ஏற்றுக்கொண்டே அவரைத் தன்பால் ஈர்க்கும் வழி அது. நலிந்த சொற்களையே பொறுக்கித் திரிந்தவர் கையில் அவ்வழி இல்லை.

தமிழ் மரபு கூறுவது

மாற்றார் வலிமையை எடுத்துரைப்பது மேனாட்டார் கற்பித்த நாகரிகம் என்று சிலர் கருதக்கூடும். ஆங்கில அறிஞர் மில் 1859இல் வெளியிட்ட தம் நூலில் இதனை வற்புறுத்தியது உண்மையே. எதிர்க்கருத்தைத் தன் ஆசிரியர் வாயிலாகக் கேட்டால் போதாது, அதனை உளமார நம்புவோர் வாயிலாகவே கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் தமிழ் மரபு இதனை அவர்க்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே இலக்கணமாக்கியது.

நன்னூலார் நூலாசிரியர்க்குரிய கொள்கைகள் ஏழு என வகுத்தார். உடன்படலும் மறுத்தலும் அவற்றுள் உண்டு; அவற்றையடுத்துப் பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதல் என்பதும் உண்டு. 'மேற்கொண்டு' என்பதன் பொருளை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்குதல் வேண்டும். பிறர் கொள்கையைத் தன் தோளில் ஏற்றி, அதன் எடையை உணர்ந்து, பின்னரே இறக்கி வைத்தல் என்பது பொருள். எடையை உணராது எறிபவர் களைந்தவராகார். தமிழ்ப்பள்ளிகளிலும் பயிற்சிக் கல்லூரிகளிலும் நன்னூலின் எழுத்தும் சொல்லும் பயிலப்படுகின்றன. பாயிரத்தில் உள்ள இவ்வேழும் தேர்வுக்கு வாரா என ஒதுக்கப்படுகின்றன.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்தார். தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு முன்னே, மாற்றார் கொள்கைகளைக் கூறும் பரபக்கத்தை வைத்தார். உலகாயதம் முதலாகப் பதினான்கு தரப்பாரை அவர் எடுத்துக்கொள்கின்றார். ஒவ்வொரு தரப்பின் கொள்கையையும் முதலில் விரித்துரைத்து, அதன் பின்னரே மறுப்பைத் தொடங்குகின்றார். உலகாயதன் கூற்றைப் படிக்கும் மாணவன், "இவன் சொல்வதிலும் பொருளுண்டே" என்று ஒரு கணம் திகைக்கின்றான். அத்திகைப்பு ஆசிரியரின் தோல்வியன்று. மறுப்புக்கு மதிப்பளிப்பதே அத்திகைப்புதான்.

பௌத்த காப்பியமாகிய குண்டலகேசி இன்று முழுமையாக இல்லை. அதற்கு மறுப்பாக எழுந்த சமண நூலாகிய நீலகேசியும் அதன் உரையும் கிடைத்துள்ளன. குண்டலகேசியைப் பற்றித் தமிழுலகம் அறிந்தவற்றுள் பல, அதனை மறுத்தவர் ஏட்டின் வழியே கிடைத்தவை. மாற்றார் நூலை மறுக்கப் புகுந்தவர் அதனை எடுத்துக்காட்டிப் போற்றி வைத்தமையால் அது ஓரளவேனும் உயிர்பிழைத்தது. இன்றைய மேடைப் பேச்சுகள் மட்டுமே நூறாண்டுக்குப் பின் எஞ்சி நிற்குமாயின், அவற்றிலிருந்து எதிர்த்தரப்பின் கொள்கை இன்னதென எவரேனும் அறிய இயலுமா?

வள்ளுவரும் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, தன் வலிமையோடு மாற்றான் வலிமையையும் சீர்தூக்கச் சொன்னார். மாற்றான் மெலிவை மட்டும் அறிந்து களம் புகுமாறு அவர் எங்கும் சொல்லவில்லை.

மறுப்புரைப்போர்க்கு மறுமொழி

இக்கருத்துக்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் அவற்றின் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ளுதல் நேர்மை.

மக்களிடையே பரவி நிற்பது நலிந்த வாதமே. பரவியதை மறுப்பதில் குற்றம் என்ன என்பர் சிலர். குற்றம் இல்லை. பரவிய பிழையைத் திருத்துவது பயனுள்ள பணியே. அதனைத் திருத்திவிட்டு, எதிர்க்கருத்தே முடிந்ததென அறிவிப்பதுதான் குற்றம். களையைப் பறித்தவன் மரத்தை வெட்டியதாகக் கணக்குக் காட்டலாகாது.

வலிய எதிர்வாதத்தை எடுத்துரைத்தால் இளம் மாணவர் மயங்கிவிடுவர் என்பர் வேறு சிலர். மாணவர் அவ்வாதத்தை எப்படியும் ஒருநாள் கேட்கப்போகின்றனர். பதின்மூன்றாம் வயதில் இடைநிலைப்பள்ளியில், தமிழ்ப்பள்ளியைப் பற்றி நேர்மையான ஐயம் கொண்ட ஒரு நண்பனிடம் கேட்பர். அன்று அவர்க்குத் துணையாக ஆசிரியர் அருகில் இரார். அன்று திகைத்து நிற்பதினும், ஆசிரியர் அருகிருக்கும்போதே கேட்டுத் தெளிவது நன்று.

மூன்றாவது கூற்றே வலியது. நேர்மையாக வாதிடுவது ஆள்வோர்க்கும் பெரும்பான்மையினர்க்கும் எளிது; சிறுபான்மையினரின் பள்ளியை அதன் மிக நலிந்த நிலையைக் கொண்டே பிறர் அளக்கின்றனர்; கூரை ஒழுகும் ஒரு தோட்டப்பள்ளியின் படத்தைக் காட்டி "இதுவே தமிழ்ப்பள்ளி" என்கின்றனர்; இந்நிலையில் சிறுபான்மையினர் மட்டும் நயன்மை பாராட்டினால் அது தற்கொலையாகும் என்பது அக்கூற்று. இதில் உண்மை இல்லாமல் இல்லை. தமிழ்ப்பள்ளி அவ்வாறு அளக்கப்படுவதும் அந்த அளவுகோல் கொடியது என்பதும் உண்மை. ஆயின் அக்கொடுமையை அனுபவித்தவர்க்கே அது கொடுமை என்பது நன்கு தெரியும். பிறர் கையில் இருக்கும்போது கொடிதாக இருந்த அளவுகோல், தம் கைக்கு வந்தவுடன் நல்லதாகிவிடுமா?

மேலும், எண்ணிக்கையில் மிக்கார்க்கு வாதம் தோற்றாலும் வாக்கு இருக்கின்றது. எண்ணிக்கையில் சிறியவர்க்கு வாதமே படைக்கலம். அப்படைக்கலம் வைக்கோற் பொம்மையை வெட்டியே பழகியதாயின், உண்மையான களத்தில் அது முறிந்துபோகும். சிறுபான்மையினர்க்குச் செம்மையான வாதம் அணிகலன் மட்டுமன்று, உயிர்க்காப்பு.

1951ஆம் ஆண்டு நிகழ்ந்தவை இதனை மெய்ப்பிக்கும். அவ்வாண்டு வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, எல்லா இனப் பிள்ளைகளும் மலாயும் ஆங்கிலமும் பயிலும் பொதுவான தேசியப் பள்ளிகளை அமைத்து, தாய்மொழிப் பள்ளிகளைப் படிப்படியாக நீக்குமாறு பரிந்துரைத்தது. பிள்ளைகள் ஒன்றாகப் பயின்றாலன்றி நாடு ஒன்றாகாது என்பது அதன் வலிய வாதம். அதே ஆண்டில் சீனர் கல்வியை ஆராய்ந்த பென் – ஊ அறிக்கை அவ்வாதத்தையே நேராகச் சந்தித்தது. நாட்டு ஒற்றுமை வேண்டும் என்பதை ஏற்றது. சீனப் பிள்ளைகள் பிறமொழிகளையும் கற்க வேண்டும் என்பதை ஏற்றது. ஒற்றுமைக்கு ஒரே வகைப் பள்ளிதான் வழி என்பதை மட்டும் மறுத்தது. இன்றளவும் தாய்மொழிப் பள்ளிக்காகப் பேசுவோர் அவ்வாதத்தையே வழிவழியாகப் பயன்படுத்துகின்றனர். பார்ன்ஸ் அறிக்கையை வெள்ளையர் சூழ்ச்சி என்று மட்டும் ஏசிய பேச்சுகள் காற்றோடு போயின.

வலிய வாதம் தரும் பயன்

பைராம் தோட்டத்துப் பெற்றோரின் மூன்று வாதங்களுக்கு மீளலாம். அவற்றை முழுமையாகக் கேட்டவர்க்கே விடை பிறக்கும்.

இடைநிலைப்பள்ளி அச்சத்துக்கு விடை மேடையில் இல்லை. தமிழ்ப்பள்ளியின் மலாய்மொழி வகுப்பறையில் இருக்கின்றது. மலாய்மொழி அங்குக் கட்டாயப் பாடம். அதனைத் தமிழுக்கு நிகரான அக்கறையோடு கற்பிக்கும் பள்ளியின் மாணவன் புகுமுக வகுப்பைக் கண்டு அஞ்சான். தாய்மொழியில் எழுத்தறிவு உறுதிப்பட்ட பிள்ளை அவ்வுறுதியைக் கொண்டே இரண்டாம் மொழியையும் பற்றிக்கொள்ளும். தாய்மொழியே தொடக்கக் கல்விக்குச் சிறந்த வாயில் என யுனெஸ்கோ 1953இல் வெளியிட்ட அறிக்கை கூறியதைப் பெற்றோரிடம் எடுத்துச் செல்லலாம். அதனோடு தம் பள்ளியின் மலாய்மொழித் தேர்ச்சியையும் எடுத்துச் செல்ல வேண்டும். பின்னது இன்றேல் முன்னது வெறும் ஏடு.

சிறுபள்ளிக் கவலைக்கு விடை, அக்கவலை உண்மை என ஏற்பதிலிருந்தே தொடங்குகின்றது. மாணவர் அற்றுப்போன தோட்டங்களிலிருந்து தமிழர் பெருகிய குடியிருப்புகளுக்குச் சில பள்ளிகள் இடம்பெயர்க்கப்பட்டன. அவ்வாறு பெயர்ந்து பிழைத்த பள்ளிகள் உண்டு. "தமிழ்ப்பள்ளிக்கு ஒரு குறையுமில்லை, குறை கூறுவோர் துரோகிகள்" என்றவர் எவரும் அப்பணியைச் செய்திருக்க முடியாது. குறையைக் கேட்டவரே செய்தனர்.

பிற இனத்தாரோடு பழகும் விருப்பத்துக்கும் விடையுண்டு. தமிழ்ப்பள்ளி மாணவன் படிவம் ஒன்று முதல் பல இன மாணவரோடு ஐந்தாண்டும் அதற்கு மேலும் பயில்கின்றான். அதற்கு முன்னரே அண்டைப் பள்ளிகளோடு விளையாட்டிலும் கலைநிகழ்ச்சியிலும் கூடுவதற்குத் தமிழ்ப்பள்ளியே முன்வந்து வழி செய்யலாம். அவ்வாறு செய்யும் பள்ளியின் தலைமையாசிரியர் ஒற்றுமை வாதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கன

இந்நோய்க்கு மருந்து பள்ளியில்தான் தொடங்க வேண்டும். ஏனெனில் நோயும் அங்கேயே தொடங்குகின்றது. பேச்சுப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் மாணவரை ஆயத்தம் செய்யும் ஆசிரியர், எதிரணியின் தடுமாற்றத்தைப் பிடித்துக்கொள்ளக் கற்பிக்கின்றார். எதிரணியின் தலைசிறந்த வாதம் யாதென மாணவனைக் கேட்பதில்லை. நடுவரும் நையாண்டிக்குப் புள்ளி தருகின்றார், நேர்மைக்குத் தருவதில்லை.

இதனை மாற்றுதல் அரிதன்று. மறுப்புரைக்கும் மாணவன் முதலில் எதிரணியின் கருத்தைத் தன் சொற்களில் கூறட்டும். "ஆம், இதுவே எங்கள் கருத்து" என எதிரணி ஏற்ற பின்னரே மறுக்கத் தொடங்கட்டும். அதற்கெனப் புள்ளிகள் ஒதுக்கப்படட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அணிகள் தரப்பை மாற்றிக்கொண்டு வாதிடட்டும். கருத்து விளக்கக் கட்டுரையில் "சிலர் கூறுவர்" என்று தொடங்கும் பத்தியைக் காணும்போதெல்லாம், அச்சிலருள் மிக அறிவுடையார் கூறுவது இதுதானா என ஆசிரியர் சிவப்பு மையில் வினவட்டும். நன்னூற் பாயிரத்தின் ஏழு கொள்கைகளும் தேர்வுக்காக இல்லாவிடினும் வாழ்வுக்காகக் கற்பிக்கப்படட்டும்.

பினாங்கில் 1816ஆம் ஆண்டு தமிழ் வகுப்பு தொடங்கியதைப் போற்றி, மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு 2016இல் நினைவுகூரப்பட்டது. இருநூறாண்டு வாழ்ந்த ஒரு கல்விக்கு எதிரிகள் இருந்தனர், இருக்கின்றனர், இனியும் இருப்பர். அவர்களுள் அறிவிலிகளைத் தேடிப்பிடித்து வெல்வதால் ஒரு மாணவன்கூடத் தமிழ்ப்பள்ளிக்குக் கூடுதலாக வரப்போவதில்லை. அவர்களுள் அறிவுடையாரைத் தேடி, அவர்தம் வாதத்தின் முன் நின்று, அதற்குப் பின்னும் "தமிழ்ப்பள்ளியே என் பிள்ளைக்கு ஏற்றது" என ஒரு தந்தை கூறுமாறு செய்வதே வெற்றி. அவ்வெற்றிக்கு ஆயத்தமாகாத தமிழாசிரியர் எத்துணை நாவன்மை உடையவராயினும் தமிழ்ப்பள்ளியைக் காத்தவராகார்.